ஜிபிஎல் ஒட்டிய பலகை: கட்டற்ற மென்பொருள் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் கட்டற்ற மென்பொருள் குழுக்களை நடத்திவரும் நண்பர்களுக்கு வணக்கம்.

கோவையில் சின்னதாக ஓர் எலக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டாருக்கான கண்ட்ரோலர் பலகை (சர்க்யூட் போர்டு) செய்வது பிழைப்பு. லினக்ஸ், கிட், பலகை வரையும் மென்பொருளான கிகேட் எல்லாம் நான் கற்றது உங்களைப் போன்றவர்கள் கல்லூரிக் கணினிக்கூடங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இலவசமாக நடத்திய பயிலரங்குகளில்தான். அந்தக் கடன் எனக்கு இருக்கிறது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. வன்பொருள் போட்டி நடத்தும்போது விதித்தாளில் ஒரு வரி போடுகிறீர்கள்: 'சமர்ப்பிக்கும் வடிவமைப்புகள் அனைத்தும் ஜிபிஎல் 3ஆம் பதிப்பின் கீழ் வெளியிடப்பட வேண்டும்.' (ஜிபிஎல் என்பது, எடுத்துத் திருத்தி இன்னொருவருக்குக் கொடுப்பவர் மூலத்தையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும் என்று கேட்கும் மென்பொருள் உரிமம்.) அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் என்ன போடலாம் என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

2017இல் என் முதல் கண்ட்ரோலரை முழுவதுமாக வெளியிட்டேன். மூன்று ஃபேஸும் சரியாக இருந்தால் மோட்டார் தானாக ஓடும். ஒரு ஃபேஸ் போனால் நிற்கும். போரில் தண்ணீர் வற்றினால் கரண்ட் குறைவதைப் பார்த்து நிற்கும். ஸ்கிமாட்டிக் (சர்க்யூட் படம்), லேஅவுட் (பாகங்களும் செம்புத் தடங்களும் பலகையில் அமரும் படம்), ஃபர்ம்வேர் (சிப்பில் ஏறும் நிரல்), பெட்டியின் வரைபடம் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டு, மேலே ஜிபிஎல் உரிமக் கோப்பை வைத்தேன். 'இனி யார் இதை எடுத்தாலும் அவர்களும் திறந்துதான் ஆக வேண்டும்' என்று பயிலரங்கில் சொன்னதை அப்படியே நம்பினேன். சொன்னவர்மேல் குற்றமில்லை; அவரும் நம்பித்தான் சொன்னார்.

அந்த ஃபர்ம்வேரில் ஒரு கறை உண்டு. தண்ணீர் வற்றியதும் டிஸ்ப்ளேயில் 'ட்ரை ரன்' என்று வர வேண்டும். நான் கடைசி ஆங்கில எழுத்தை மாற்றி அடித்துவிட்டேன். 'ட்ரை ரம்' என்று வரும். கவனிப்பதற்குள் முந்நூறு பெட்டி வெளியே போய்விட்டது.

இரண்டு வருடம் கழித்து உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. 'ஏனுங்க, தண்ணி இல்லீனா ரம்முனு காட்டுதுங்க. கேட்டா உங்க பேரச் சொல்றாங்க. இது உங்க பொட்டிதானுங்களே?' என்றார். திறந்து பார்த்தேன். ரிலே, சிடி (கரண்டை அளக்கும் பாகம்), டெர்மினல் எல்லாம் நான் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. என் பெயரும் உரிம வரியும் இருந்த இடத்தில் மட்டும் வெறும் பச்சை. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பெருமை, ராத்திரி படுத்த பிறகுதான் கோபம்.

மறுவாரம் பலகை இரண்டையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் போனேன். ஜிபிஎல்லின் உரையையும் அச்செடுத்துப் போயிருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. 'அவங்க எதைக் காப்பியடிச்சாங்க, ஒவ்வொண்ணா சொல்லு' என்றார்.

பெட்டியைக் காட்டினேன். 'எத்தனை போட்டிருக்க?' என்றார். முந்நூறு என்றேன். 'டிசைன் பதிவு பண்ணியா?' இல்லை. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் புரட்டிக் காட்டினார். டிசைன் சட்டத்தின் கீழ் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல், தொழில் முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருளாக்கிவிட்டால், அந்த வடிவத்தின்மீது இருந்த பதிப்புரிமை அத்தோடு தீர்ந்தது. ஐம்பத்தோராவது பெட்டியை ஒட்டி மூடிய அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. பெட்டியின் தோற்றத்தைப் பொறுத்தவரை ஜிபிஎல் அன்றைக்கே பிடிமானம் இழந்திருக்கிறது.

அடுத்து சர்க்யூட்டைக் காட்டினேன். எந்தக் கால் எந்தக் காலோடு சேர்கிறது என்பது ஒரு யோசனை; யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது என்றார். அப்படியானால் லேஅவுட் படம்? அது படம்தான், அதற்குப் பதிப்புரிமை உண்டு, ஆனால் இதைப் பார் என்று 52ஆம் பிரிவுக்குப் போனார். எவையெல்லாம் மீறல் ஆகாது என்று அங்கே ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. தொழில்நுட்ப வரைபடம் போன்ற இருபரிமாணப் படைப்பிலிருந்து, ஒரு கருவியின் முற்றிலும் செயல்பாட்டுக்கான பகுதியைத் தொழில் பயனுக்காக முப்பரிமாணப் பொருளாகச் செய்வது மீறல் ஆகாது என்பது அதில் ஒன்று. 'செம்புத் தடம் அப்படியே என் படத்தோட நகல்தானே?' என்றேன். 'வாதாடலாம்' என்றார். அவர் அதைச் சொன்ன விதத்திலேயே பதில் இருந்தது. சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அமைப்புக்கென்று 2000ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று தனியாக உண்டு. பதிவு செய்தால் பத்து வருடப் பாதுகாப்பு. அது குறைகடத்திச் சிப்புக்கு மட்டும்தான், பிசிபிக்கு, அதாவது என் பலகைக்கு, இல்லை.

நான் எழுந்துகொள்ளப் போனேன். அப்போதுதான் அவர், 'அந்த டிஸ்ப்ளேல ஏதோ ரம்முனு வருதுன்னியே, அது எங்க இருந்து வருது?' என்று கேட்டார்.

அங்கே திரும்பியது கதை. கணினி நிரலை நம் சட்டம் இலக்கியப் படைப்பின் வரிசையில் வைத்திருக்கிறது. சிப்பில் இருந்தது என் ஃபர்ம்வேர். அதன் நகல் ஒவ்வொரு பெட்டியிலும் விற்கப்பட்டிருக்கிறது. எழுத்துப் பிழையோடு சேர்த்து. ஜிபிஎல்லுக்கு அதுதான் சொந்த ஊர். ஒரு பக்கக் கடிதம் போனது. ஒன்றரை மாதம் கழித்து, அவர்கள் மாற்றிய ஃபர்ம்வேரின் மூலநிரல் வந்தது. லேஅவுட் வரவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க என்னிடம் சட்டத்தில் இடமில்லை என்பது அப்போது தெரிந்திருந்தது.

இடையில் ஒரு சொல் பற்றி. தமிழில் நாம் 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லைச் சில நேரம் புத்தகத்துக்கும் சில நேரம் கண்டுபிடிப்புக்கும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். உங்கள் சில துண்டறிக்கைகளிலும் பார்த்திருக்கிறேன். எழுத்து, படம், நிரல் போன்ற வெளிப்பாடுகளுக்கு வருவது பதிப்புரிமை. எழுதிய கணமே தானாக வந்துவிடும். வேலை செய்யும் முறைக்கு, கருவிக்கு வருவது காப்புரிமை. விண்ணப்பித்து, பணம் கட்டி, காத்திருந்து வாங்க வேண்டும். ஜிபிஎல் நிற்பது முதலாவதன் தோளில். என் பலகை வேலை செய்யும் விதம் இரண்டாவதன் எல்லைக்குள் வருகிறது. அங்கே நான் எதையும் வாங்கவில்லை, வாங்கப் போவதுமில்லை. கையில் இல்லாத உரிமையை உரிமம் மூலமாக யாருக்கும் கொடுக்கவும் முடியாது, யாரிடமிருந்தும் பிடித்து வைக்கவும் முடியாது.

அந்தக் காலத்து மாத இதழ்களில் பிளவுஸ் கட்டிங் படம் வரும். அந்தப் பக்கத்தை ஆயிரம் நகல் எடுத்து விற்றால் பத்திரிகைக்காரர் சண்டைக்கு வரலாம். படத்தைப் பார்த்து என் அம்மா தைத்த பிளவுஸுக்கு அவர் வர முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே விஷயத்தை 1879இல் ஒரு கணக்குப் புத்தக வழக்கில் சொல்லிவிட்டது. செல்டன் என்பவர் புதிய கணக்கு முறை ஒன்றை விளக்கிப் புத்தகம் போட்டார். பேக்கர் என்பவர் ஏறக்குறைய அதே முறையில் கணக்கேடு விற்றார். புத்தகத்துக்குப் பதிப்புரிமை உண்டு, புத்தகம் சொல்லும் முறைக்கு இல்லை என்பது தீர்ப்பு. ஜிபிஎல் பிறந்த நாட்டிலேயே, ஜிபிஎல் பிறப்பதற்கு நூறு வருடத்துக்கும் முன்பே, இந்தக் கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது.

உடனே உங்களில் சிலர் கேட்பீர்கள்: ஜிபிஎல்லை எழுதிய ஸ்டால்மனே வன்பொருள் வடிவமைப்புக்கு ஜிபிஎல் போடலாம் என்று சொல்லியிருக்கிறாரே? ஆமாம், 2015இல் எழுதியிருக்கிறார். அதே கட்டுரையில், பதிப்புரிமை சர்க்யூட்டின் வரைபடத்தோடு நிற்கும், அதைப் பார்த்துச் செய்த சர்க்யூட்டைத் தொடாது என்றும் எழுதியிருக்கிறார். பயிலரங்குகளுக்கு முதல் பாதி மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஜிபிஎல் மீது எனக்குக் கோபமில்லை. 2007இல் வந்த மூன்றாம் பதிப்பை உட்கார்ந்து படித்தால், எழுதியவர்கள் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள் என்பது தெரியும். 'நிரல்' என்றால் பதிப்புரிமைக்கு உட்படும் எந்தப் படைப்பும் என்று வரையறுத்திருக்கிறார்கள். மென்பொருள் மட்டும் என்று சொல்லவில்லை. பதிப்புரிமை என்ற சொல்லுக்குள் சிப்பின் அமைப்பைப் பதிக்கும் குறைகடத்தி மாஸ்க் போன்றவற்றுக்கான சட்டங்களையும் சேர்த்திருக்கிறார்கள். 'மூலம்' என்றால் மாற்றம் செய்வதற்கு ஏற்ற வடிவம் என்கிறார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்த வரி இதுதான். பலகைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் கெர்பர் கோப்பையும் பிடிஎஃப் படத்தையும் போட்டுவிட்டு 'ஓப்பன் ஹார்ட்வேர்' என்று மார்தட்டும் எல்லார் முகத்துக்கும் நேரே பிடிக்க வேண்டிய வரி. கெர்பரில் திருத்தம் செய்ய முயன்றவருக்குத் தெரியும், அது அரைத்த மாவை மறுபடி அரிசியாக்கும் வேலை.

சிக்கல் எங்கே என்றால், ஜிபிஎல்லின் கடமைகள் தொடங்குவது படைப்பின் நகலை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது. கொடுக்காதவரைக்கும் செய்துகொள்ளலாம், ஓட்டிக்கொள்ளலாம், நிபந்தனை இல்லை என்று அதுவே சொல்கிறது. இப்போது ஒருவர் என் கிகேட் கோப்பை எடுத்து, தன் பட்டறையில் திருத்தி, ஆயிரம் பலகை அடித்து விற்கிறார் என்று வையுங்கள். 'கோப்பை நான் யாருக்குமே கொடுக்கலையே, பலகையைத்தானே வித்தேன்' என்பார். பலகை அந்தக் கோப்பின் நகலா, இல்லையா? மென்பொருளில் எழாத கேள்வி. ஜிபிஎல்லில் இதற்கு நேரான பதில் இல்லை; பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அது 'நிரல்', 'ஆப்ஜெக்ட் கோடு' (கணினி ஓட்டும் வடிவம்) என்று பேசிக்கொண்டிருக்கிறது.

ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் பொறியாளர்களுக்கு இதே தலைவலி வந்தது. துகள் முடுக்கிகளுக்கான மின்னணுப் பலகைகளை அவர்கள் வெளியே பகிர விரும்பினார்கள். 2011இல் தங்கள் திறந்த வன்பொருள் உரிமத்தின் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். அதற்கும் முன்பே, 2007இல், அமெரிக்காவின் டாப்பர் என்ற அமெச்சூர் ரேடியோ அமைப்பு ஓர் உரிமம் எழுதியிருந்தது. ஹாம் ரேடியோக்காரர்கள் எப்போதும் கொஞ்சம் முன்னால்தான் நடப்பார்கள். செர்ன் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு 2020 மார்ச்சில் மூன்று வகையாக வந்தது. எஸ் என்பது கறாரானது, மாற்றியதையெல்லாம் திறக்கச் சொல்வது. டபிள்யூ இளகியது. பி அறிவிப்புகளை எடுக்காதே என்பதைத் தவிர அதிகம் கேட்காதது. மென்பொருளில் ஜிபிஎல், அதைவிட இளகிய எல்ஜிபிஎல், எடுத்து மூடிக்கொள்ளவும் விடும் பிஎஸ்டி என்று நமக்குப் பழகிய வரிசைதான்.

நமக்கு வேண்டியது எஸ். அதில் 'பொருள்' என்ற சொல்லே வரையறையோடு இருக்கிறது. பொருளைச் செய்து இன்னொருவருக்குக் கொடுத்தால் முழு மூலத்தையும் கொடுக்க வேண்டும், அல்லது அது எங்கே கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். என் கோப்பைத் திருத்துவதற்கு ஒருவருக்கு என் அனுமதி தேவை, அது பதிப்புரிமைக்குள் நிச்சயமாக வருகிறது. அந்த அனுமதியை இந்த உரிமம் பலகை விற்பனையோடு முடிச்சுப் போட்டே கொடுக்கிறது. 'கோப்பைக் கொடுக்கலையே' என்ற சாக்கு இங்கே ஓடாது. கோப்பைத் தொடாமல் பலகையை மல்டிமீட்டரால் தொட்டுத் தொட்டு முழுசாக மறுபடி வரைந்தவரை இதுவும் பிடிக்காது. எந்த உரிமமும் பிடிக்காது.

இன்னொன்று, சின்னதாகத் தெரியும், ஆனால் பட்டறையில் பெரியது. என் பலகையில் கடையில் வாங்கிய மைக்ரோகண்ட்ரோலர் இருக்கிறது. அதன் உள்வடிவம் என்னிடம் இல்லை, கேட்டாலும் தரமாட்டார்கள். 'முழு மூலம் தருகிறேன்' என்று ஜிபிஎல் மொழியில் கையெழுத்துப் போட்டால் நான் பொய் சொன்னவன் ஆகிறேனா? செர்ன் உரிமம், யாரும் சந்தையில் வாங்கிப் பயன்படுத்தக்கூடிய பாகத்தையும், வடிவமைப்புக் கருவியோடு இயல்பாக வரும் ஆயத்தப் பாகங்களின் நூலகத்தையும் தனியாக வரையறுத்து, அதற்குள் போகத் தேவையில்லை என்கிறது. ரிச்சி தெருவில் கிடைக்கும் ரெசிஸ்டருக்கு மூலம் கேட்பதில்லை. நான் மட்டும் வைத்திருக்கும் ரகசிய மாட்யூலுக்குக் கேட்கிறது. பலகை செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் தோன்றும்.

நூலகம் என்றதும் ஞாபகம் வருகிறது. கிகேட்டின் சிம்பலும் (பாகத்தின் படக்குறி) ஃபுட்பிரிண்டும் (பலகையில் பாகம் அமரும் இடத்தின் படம்) கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்வு உரிமத்தில் வருகின்றன, கூடவே ஒரு விதிவிலக்கோடு: அவற்றை உங்கள் பலகையில் போட்டதால் உங்கள் பலகைக்கும் அதே உரிமம் வந்துவிடாது. போன வருடம் ஒரு மாணவர் தான் வரைந்த ஐம்பது ஃபுட்பிரிண்டுகளை அப்படி ஒரு விதிவிலக்கு இல்லாமல் வெறும் ஜிபிஎல்லில் போட்டிருந்தார். பாராட்டினேன். ஆனால் என் வாடிக்கையாளர் வேலையில் அதில் ஒன்றைக்கூடப் போடத் துணியவில்லை. அவர் நினைத்தது அதுவல்ல என்பது கேட்டபோது தெரிந்தது.

ஜிபிஎல் வன்பொருளில் சரியாகவே உட்காரும் இடமும் உண்டு. அதையும் விதித்தாளில் சொல்லுங்கள். வெரிலாக், விஎச்டிஎல் போன்ற மொழிகளில் சிப்பை எழுதுகிறவர்கள் எழுதுவது நிரல்தான். சன் நிறுவனம் 2006இல் தன் அல்ட்ராஸ்பார்க் டி1 செயலியின் வெரிலாக் மூலத்தை ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் திறந்தது. ஐரோப்பிய விண்வெளி முகமையில் பிறந்த லியான் செயலி வரிசையில், லியான்3 ஜிபிஎல்லிலும் கிடைக்கிறது, தங்கள் சிப்பைத் திறக்க விரும்பாதவர்களுக்குக் கட்டண உரிமத்திலும் கிடைக்கிறது. கறாரான உரிமம் அங்கே சோறும் போட்டது. நம் சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் வேறு வழியில் போயின: மூன்று நிபந்தனை பிஎஸ்டி உரிமம். எடுத்து மூடிக்கொள்ளலாம் என்று தெரிந்தேதான் அதைத் தேர்ந்திருப்பார்கள். சிப் அடிக்கக் கோடிகளைக் கொட்டும் நிறுவனம் பயப்படாமல் எடுக்க வேண்டும் என்ற கணக்கு அதில் தெரிகிறது. பொதுப்பணத்தில் பிறந்த வடிவமைப்புக்குப் பிஎஸ்டி போதுமா என்று எனக்குச் சண்டை போட ஆசைதான். அது வேறு மடல்.

இந்தச் சிப் மொழிகளிலும், அதாவது எச்டிஎல்லிலும், ஜிபிஎல்லுக்குச் சில இடங்களில் மூச்சு முட்டும். எஃப்பிஜிஏவில் (வாங்கிய பிறகும் உள்ளமைப்பை மாற்றக்கூடிய சிப்) ஏற்றும் பிட்ஸ்ட்ரீம் கோப்பு உருவாகும்போது சிப் கம்பெனியின் பூட்டிய பிளாக் உள்ளே வந்துவிட்டால் 'முழு மூலம்' என்பது யாருடையது? எல்ஜிபிஎல் சொல்லும் 'மறுபடி இணைத்துக்கொள்ளும் வசதி' ஒரு சிலிக்கான் துண்டில் என்ன பொருள் தரும்? உருக்கி ஊற்றிய சிலையில் மூக்கை மட்டும் மாற்றித் தா என்பது போல. ஆனாலும் ஏற்கெனவே ஜிபிஎல்லில் இருக்கும் கோரை (சிப்புக்குள் வைக்கும் ஆயத்த வடிவமைப்பு) எடுத்துத் தன் கோரோடு கலக்கும் மாணவருக்கு ஜிபிஎல்தான் வழி. அங்கே போய் செர்ன் உரிமத்தைத் திணித்தால் ஒரே வடிவமைப்பில் இரண்டு கறாரான உரிமங்கள் முட்டிக்கொள்ளும்.

ஃபர்ம்வேருக்கோ ஜிபிஎல் மூன்றைக் கைவிடவே கைவிடாதீர்கள். என் கதையில் எனக்குக் கிடைத்த ஒரே பிடி அதுதான். இன்னொரு பலமும் அதில் இருக்கிறது: வீட்டு உபயோகப் பொருளாக விற்றால், திருத்திய ஃபர்ம்வேரை அந்தப் பெட்டியில் மறுபடி ஏற்றத் தேவையான தகவலையும் கொடுக்க வேண்டும். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு 'மூலம் இதோ' என்று நீட்டுகிறவருக்கு அது வைத்த பூட்டு.

3டி பிரிண்டர் உலகத்தைப் பாருங்கள். பாத் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ரெப்ராப் பிரிண்டர் திட்டம் முழுக்க ஜிபிஎல். அதன் நிழலில் வளர்ந்த மேக்கர்பாட் நிறுவனம் 2012இல் தன் ரெப்ளிகேட்டர் 2 பிரிண்டருக்கான வடிவமைப்பை மூடியபோது சமூகமே கொதித்தது. கொதித்ததால் எதுவும் திறக்கவில்லை. பதினோரு வருடம் கழித்து, 2023இல், அதே மரபில் ஜிபிஎல்லிலேயே வளர்ந்த செக் நாட்டுப் பிரிண்டர் தயாரிப்பாளர் யோசெஃப் புரூசா, வன்பொருளுக்கு இப்போதுள்ள உரிமங்கள் போதவில்லை என்று வெளிப்படையாக எழுதும் நிலைக்கு வந்தார். அவருடைய எல்லா வாதங்களும் எனக்கு ஏற்பில்லை. ஆனால் திறந்து வைத்துச் சம்பாதித்துக் காட்டிய மனிதர் ஒருவர் இப்படிச் சொல்லும்போது 'ஜிபிஎல் போட்டால் போதும்' என்று மாணவர்களிடம் சொல்லும் தைரியம் எனக்கு வராது.

மாணவர்கள் பழகும் சின்ன மைக்ரோகண்ட்ரோலர் பலகையான அர்டுயினோவின் கதை இதற்கு நேர் எதிர். வடிவமைப்பை கிரியேட்டிவ் காமன்ஸில் கொடுத்துவிட்டார்கள். பெயரை மட்டும் வணிக முத்திரையாகப் பிடித்துக்கொண்டார்கள். நம் மாணவர்கள் பெரும்பாலோர் வாங்கும் ஊனோ என்ற அர்டுயினோ வகை, யுஎஸ்பிக்கு விலை குறைந்த சிஎச்340 சிப் போட்ட நகல்தான். அதைச் செய்வதில் குற்றமில்லை. அதன்மேல் அர்டுயினோ என்ற பெயரை அச்சடிப்பதுதான் குற்றம். பலகையைச் சட்டத்தால் கட்ட முடியாது என்று முதல் நாளே தெரிந்துகொண்டு, கட்டக்கூடியதை மட்டும் கட்டியவர்கள்.

சிலர் வேறு பக்கம் போவார்கள் என்று பயப்படுகிறேன். 'சட்டத்தில் ஓட்டை இருக்கிறது, பலகைக்கும் பதிப்புரிமை வேண்டும் என்று நாம் மனு போடலாமே?' தயவுசெய்து வேண்டாம். அந்த மனுவில் என் கையெழுத்து இருக்காது. உடுமலையிலிருந்து வந்த பெட்டியில் ரிலேவுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். இடி மின்னலில் என் பலகை அடிக்கடி போகும். அவர்கள் எம்ஓவியை (மின்னழுத்தம் திடீரென எகிறினால் பலகையைக் காக்கும் பாகம்) இடம் மாற்றி, ஃபியூஸ் ஒன்றைச் சேர்த்து, அதைச் சரி செய்திருந்தார்கள். லேஅவுட்டை அவர்கள் தரவில்லை. நான் என்ன செய்தேன்? மல்டிமீட்டரை பீப்பில் போட்டு ஒவ்வொரு தடமாகத் தொட்டு வரைந்து என் அடுத்த பலகையில் சேர்த்துக்கொண்டேன். அவர்களுக்கு இடம் கொடுத்த அதே சட்டம்தான் எனக்கும் கொடுத்தது. காந்திபுரத்தில் சர்க்யூட் படமே இல்லாமல் இன்வெர்ட்டர் பலகையைப் பிரித்துச் சரி செய்யும் ஒவ்வொருவரும் நிற்பதும் அந்த இடத்தில்தான். அந்த வாசலை நாமே செங்கல் வைத்து அடைக்கக் கூடாது.

ஆகவே விதித்தாளுக்கு வருவோம். ஃபர்ம்வேருக்கு ஜிபிஎல் 3. பலகைக்கும் பெட்டிக்கும் செர்ன் எஸ். எச்டிஎல் என்றால் எதோடு கலக்கிறது என்று பார்த்து இரண்டில் ஒன்று. விளக்கக் குறிப்புக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ். எந்தக் கோப்பு எதன் கீழ் என்று கோப்புறைக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மொத்தத்துக்கும் ஒரே உரிமக் கோப்பைப் போட்டால் எதற்கும் போடாத மாதிரிதான். திருத்தக்கூடிய கிகேட் கோப்பு இல்லாமல் கெர்பர் மட்டும் கொடுத்தால் மதிப்பெண் கிடையாது என்று போடுங்கள். போட்டிக்கு வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள். சில்க்ஸ்கிரீனில் (பலகையின் மேல் எழுத்து அச்சாகும் அடுக்கு), மூலம் கிடைக்கும் முகவரியையும் உரிமத்தின் பெயரையும் அச்சடிக்கச் சொல்லுங்கள். செர்ன் உரிமத்தில் அந்த முகவரியைப் பொருளின் மேலேயே காட்ட வேண்டும் என்று அறிவிப்பில் எழுதவும் வழி இருக்கிறது; மூலம் அங்கே மூன்று வருடமாவது எளிதில் கிடைக்கும் என்று நம்பத்தக்க இடமாக இருக்க வேண்டும் என்கிறது. கல்லூரி முடிந்ததும் மறைந்துபோகும் டிரைவ் இணைப்பு அதற்கு ஆகாது.

பயிலரங்கில் ஒரு மணி நேரம் கொடுத்தால் நானே வந்து இரண்டு பலகையையும் மேசையில் வைத்துக் காட்டுகிறேன். வழக்கறிஞர் நண்பரையும் கூட்டி வருகிறேன்; மதியச் சாப்பாடு போட்டால் வருவார். இதில் நான் சட்டத்தைப் படித்த விதம் ஒரு மெக்கானிக் படித்த விதம், அவர் திருத்துவார்.

என் பழைய கோப்புறையையும் இந்தக் கணக்கில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். அது நினைத்த அளவு சுலபமில்லை. உரிமம் மாற்ற வேண்டுமானால் அதில் பங்களித்த ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும். மூன்று பேரில் இருவர் உடனே சரி என்றார்கள். ரிலே டிரைவர் பக்கத்தை வரைந்த மூன்றாமவர் படிப்பு முடிந்து வெளிநாடு போனவர். பழைய மின்னஞ்சல் திரும்பி வருகிறது. அதனால் அந்த ஒரு ஷீட் மட்டும் இன்னும் ஜிபிஎல்லில்தான் இருக்கிறது. அவருக்குப் பதிலாக நானே அதைப் புதிதாக வரைந்துகொண்டிருக்கிறேன். 'ட்ரை ரம்'மைத் திருத்தவில்லை.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு பட்டறைக்காரன்